இஸ்பானிய வினைச்சொல்லும் தமிழ் மாணவனும்

ஒரு மொழியைக் கற்கப் புகுவோன் அம்மொழியின் பெயர்ச்சொற்களை விரைவிற் பெற்றுவிடுகின்றான். வீடு, நீர், கை, நாள் முதலியவற்றுக்குரிய சொற்களை ஒரு திங்களிலே மனத்திற் பதித்துக்கொள்ளுதல் கூடும். அவனை இடைவழியில் நிறுத்துவது வினைச்சொல்லேயாகும். யார் செய்தார், எப்பொழுது செய்தார், செய்து முடித்தாரா, செய்தல் வேண்டுமென ஒருவர் விரும்பினாரா என்பனவெல்லாம் வினையினுள்ளேயே அடங்கிக் கிடக்கும் மொழிகளில் இவ்விடர் பெரிது. இஸ்பானியம் அத்தகைய மொழி. நம் தமிழும் அத்தகையதே. இவ்வொற்றுமையைக் கருவியாகக் கொண்டே தமிழ் மாணவர் இஸ்பானிய வினைகளைக் கற்றல் வேண்டும் என்பதும், ஆங்கிலத்தை இடையில் நிறுத்திக் கற்பது சுற்றுவழி என்பதும் இக்கட்டுரையில் யான் கூறக் கருதுவன.

யூபிலி மலரொன்றில் இஸ்பானியத்துக்கு என்ன இடம் என வினவுவாரும் உளர். இக்கல்லூரியின் பழைய மாணவர் இன்று இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் பரந்து வாழ்கின்றனர். அவர்தம் மக்களும் பேரரும் பயிலும் பள்ளிகளிற் பலவற்றில் இஸ்பானியம் ஒரு பாடம். இங்கிலாந்திலே 2019 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் இஸ்பானியத்தை எடுத்த மாணவர் தொகை பிரெஞ்சை எடுத்தோர் தொகையை விஞ்சிற்று. ஏறத்தாழ 50 கோடி மக்களுக்கு அது தாய்மொழி. 20 நாடுகளில் அரச மொழி. ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு ஆட்சிமொழிகளுள் ஒன்று. நமக்கு அது முற்றும் அயலதுமன்று. போர்த்துக்கேயர் நம் நாட்டில் விட்டுச்சென்ற மேசை, சப்பாத்து, அலுமாரி என்னுஞ் சொற்களின் உடன்பிறப்புக்களை மேசா, சபாத்தோ, அர்மாரியோ என இஸ்பானியத்திலே காணலாம். போர்த்துக்கேயமும் இஸ்பானியமும் இலத்தீன் என்னும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாதலின் இவ்வொற்றுமை உண்டாயிற்று.

இனி, இடர் யாதென நோக்குவோம். இஸ்பானிய அகராதியில் வினைகள் ஆர், ஏர், இர் என்னும் மூவகை ஈறுகளுள் ஒன்றோடு நிற்கும். தோமார் என்பது எடுத்தல். கோமேர் என்பது உண்ணுதல். எஸ்கிரிபிர் என்பது எழுதுதல். இவ்வீற்றைக் களைந்து, தன்மை முன்னிலை படர்க்கை என்னும் மூவிடத்தும் ஒருமை பன்மை என்னும் இரண்டெண்ணினும் வேறு ஈறுகளைச் சேர்ப்பின் ஒரு காலத்துக்கு ஆறு வடிவங்கள் உண்டாகும். நிகழ்வதைக் கூறும் முறையிலே தனிச்சொல்லாய் அமையுங் காலங்கள் ஐந்து. ஆகவே 30 வடிவங்கள். விருப்பம், ஐயம் முதலியவற்றைக் கூறும் முறையிலே மேலும் மூன்று வரிசைகள், ஆகவே 18. ஏவலையும், துணைவினையோடு கூடிய காலங்களையும், வழக்கொழிந்த எதிர்கால வரிசையொன்றையும் விடுத்து எண்ணினும் 48 வடிவங்கள் ஒரு வினைக்கு உள. ஒழுங்கிற் பிறழும் வினைகள் இவற்றின் மேலும் நிற்கும். மாணவன் மலைப்பது இயல்பே.

இம்மலைப்பை நீக்க இருவகை மருந்துகள் கூறப்படுகின்றன. ஒரு சாரார் வாய்பாட்டை மனனஞ் செய்க என்பர். தோமோ, தோமாஸ், தோமா, தோமாமோஸ், தோமாயிஸ், தோமான் என்று பெருக்கல் வாய்பாடுபோல ஒப்புவிக்கும் மாணவனை நாம் எளிதில் உண்டாக்கிவிடலாம். ஆயின் அவனை அழைத்து, நாங்கள் எடுக்கிறோம் என்பதை மட்டும் கூறுக என்றால், முதலாஞ் சொல்லிலிருந்து தொடங்கி நான்காஞ் சொல்லை அடையும் வரையும் உதடுகளை அசைத்துக்கொண்டிருப்பான். எதிரில் நிற்பவர் அதுவரை காத்திரார். வரிசை அவனுக்கு வந்தது; மொழி வரவில்லை.

மற்றொரு சாரார், இலக்கணமே வேண்டா, கேட்டுப் பேசுக, குழந்தை அவ்வாறன்றோ கற்கின்றது என்பர். இவ்வுரை கேட்டற்கு இனிது. ஆனால் குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் தன் தாய்மொழியைக் கேட்கின்றது, ஆண்டுக்கணக்கிற் கேட்கின்றது, பிழையாகச் சொன்னாலும் அன்போடு திருத்துவார் அதன் அயலிலே உளர். வாரத்துக்கு மூன்று பாடவேளை பெறும் மாணவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. குழந்தைக்கு இல்லாத ஒன்று அவனிடம் உண்டு. அஃது ஒரு மொழியை முன்னரே முற்றக் கற்ற அறிவு. அவ்வறிவைப் பூட்டி வைத்துவிட்டு, குழந்தையைப்போலக் கற்க என்பது முறையாகாது.

ஆசிரிய கலாசாலையிற் பயின்ற எவரும் அறிந்த விதி ஒன்றுண்டு. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பதே அது. இஸ்பானிய வினையைக் கற்கும் தமிழ் மாணவன் அறிந்தது எது? பெரும்பாலான ஆசிரியரும் நூலாசிரியரும் அது ஆங்கிலம் என்று கொண்டுவிடுகின்றனர். வினைத் திறத்தில் ஆங்கிலம் வறிய மொழி. அதன் வினை, இடத்தையும் எண்ணையும் காட்டும் ஆற்றலைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் ஒரு சகரத்தை ஏற்பதன்றி ஏனைய இடங்களில் அது மாறுவதில்லை. ஆகவே எழுவாயை எப்பொழுதும் முன்னே நிறுத்தவேண்டிய கட்டாயம் ஆங்கிலத்துக்கு உண்டு. அப்பழக்கத்தோடு இஸ்பானியத்துக்குச் செல்லும் மாணவன், விகுதி ஏன் மாறவேண்டும் என்பதையே முதலில் உணரமாட்டான். யோ என்னும் தன்மைப் பெயரை ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் வைத்து, கேட்போர் அவனை வீண் அழுத்தக்காரன் என்று எண்ணும்படி பேசுவான்.

தமிழ் மாணவனுக்கோ இது புதிதன்று. வந்தேன் என்றால் நான் என்பது சொல்லாமலே பெறப்படும். தோன்றா எழுவாய் என்று நம் ஆசிரியர் இதனைக் கற்பிக்கின்றனர். தோமோ என்றால் எடுக்கிறேன். தோமாமோஸ் என்றால் எடுக்கிறோம். நாம் எழுவாயை வெளிப்படக் கூறுவது எப்பொழுது? நானே வந்தேன், பிறரல்லர் என்று பிரித்துக் காட்டவேண்டிய இடத்திலேதான். இஸ்பானியரும் அவ்வாறே செய்வர். ஆங்கிலத்தின் வழியே சென்றவன் பல வாரங்கள் முயன்று பெறுவதைத் தமிழ்வழிச் செல்வோன் முதல் நாளிலேயே பெற்றுவிடுகின்றான்.

இவ்வொற்றுமை இன்னும் ஆழமானது. பவணந்தி முனிவர் நன்னூலிலே பகுபதத்தின் உறுப்புக்களைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறாக வகுத்தார். நாவலர் பெருமானின் இலக்கணச் சுருக்கத்தின் வழியாக நம்மிற் பலர் இதனைக் கற்றோம். பேசினோம் என்பதிலே பேசு பகுதி, இன் இறந்தகால இடைநிலை, ஓம் தன்மைப் பன்மை விகுதி. இப்பொழுது தோமாபாமோஸ் என்னும் இஸ்பானியச் சொல்லை எடுத்துக்கொள்க. எடுத்துக்கொண்டிருந்தோம் என்பது அதன் பொருள். தோம் பகுதி, ஆ என்பது இவ்வினை ஆர் ஈற்று வகையினது என்று காட்டும் உயிர், பா இறந்தகாலங் காட்டும் இடைநிலை, மோஸ் தன்மைப் பன்மை விகுதி. பகுதி முன்னும், காலங் காட்டுவது நடுவும், இடங் காட்டுவது இறுதியுமாக இரு மொழிகளும் ஒரே ஒழுங்கில் நிற்கின்றன. ஒன்றுக்கொன்று உறவற்ற இரு மொழிக் குடும்பங்களில் இவ்வொழுங்கு ஒத்திருப்பது தமிழ் மாணவனுக்குக் கிடைத்த பேறு அன்றோ?

இவ்வாறு பிரித்துக் காணுமிடத்து 48 வடிவங்களும் 48 சுமைகளாக இரா. மோஸ் என்பதைக் கண்ட இடமெல்லாம் நாம் என்க. இறுதியில் ன் வரின் அவர்கள் என்க. ஸ் வரின் நீ என்க. முடிந்த செயலைக் கூறும் இறந்தகாலத்தில் மட்டும் அது ஸ்தே என நிற்கும். விகுதிகள் காலந்தோறும் பெரிதும் மாறுவதில்லை, மாறுவது நடுவுறுப்பே. எதிர்காலம் இதனினும் எளிது. தோமாரே என்பது எடுப்பேன் என்று பொருள்படும். இது தோமார் என்னும் முழுச் சொல்லோடு, உடைமை குறித்த ஏ என்னுந் துணைவினை ஒட்டிப் பிறந்தது. இலத்தீனிலிருந்து இஸ்பானியம் கிளைத்த காலத்தில் இரு சொற்களாய் நின்றவை பின்னர் ஒன்றாயின. எடுத்து, இருக்கிறேன் என்னும் இரண்டும் எடுத்திருக்கிறேன் என ஒன்றுபட்டு நிற்கும் நம் மொழியினர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. எதிர்கால விகுதிகள் மூவகை வினைகளுக்கும் பொது என்பதும் மாணவனுக்கு ஆறுதல் தரும்.

ஒழுங்கிற் பிறழும் வினைகள் என்னும் பெயர் கேட்டே பலர் அஞ்சுவர். போதேர் என்பது இயலுதல் எனப் பொருள்படும். இயலும் என்னுங் கருத்தில் புவேதோ, புவேதேஸ், புவேதே, புவேதென் என நான்கிடத்துப் பகுதி திரியும். நாம், நீவிர் என்னும் ஈரிடத்து மட்டும் போதேமோஸ், போதேயிஸ் எனத் திரியாது நிற்கும். மேனாட்டு வகுப்பறைகளில் இந்நான்கையும் சுற்றிச் சப்பாத்து வடிவிற் கோடிட்டு நினைவிற் கொள்ளச் செய்வர். அது நல்ல உபாயமே. ஆயினும் காரணத்தைக் காட்டாது. காரணம் அழுத்தம். ஓசையின் அழுத்தம் பகுதியின்மேல் விழும்போது பழைய ஒகரம் உவே எனப் பிளவுபட்டது. அழுத்தம் விகுதிக்குப் பெயர்ந்தபோது ஒகரம் தன்னிலையில் நின்றது. நல்ல என்று பொருள்படும் போனுஸ் என்னும் இலத்தீன் சொல் இஸ்பானியத்திற் புவேனோ ஆனதும் இதே விதியால்தான். காண் என்பது கண்டேன் எனக் குறுகுதலும், தா என்பது தந்தேன் எனவும் தருகிறேன் எனவும் திரிதலும் நாம் அறிந்தவை. அவற்றை விகாரம் என்று பெயரிட்டுக் கற்ற மாணவன், புவேதோவைக் கண்டு இதுவும் ஒரு விகாரம் என்று அமைவான்.

இன்னுமொன்று. இருத்தல், போதல், உடைத்தாதல், செய்தல் என்னும் பொருளுடைய வினைகளே இஸ்பானியத்தில் மிகப் பிறழ்வன. நாள்தோறும் நூறு முறை வாயில் வருவன அவையாதலின், பிறழ்ந்த வடிவங்களோடேயே அவை நிலைத்துவிட்டன. அருகி வழங்குஞ் சொல்லோ பொது ஒழுங்குக்குள் இழுக்கப்பட்டுவிடும். ஆகவே பிறழ் வினைகளை நூலின் இறுதிக்குத் தள்ளுதல் தவறு. அவற்றை முதற் பாடங்களிலேயே வாக்கியங்களிற் கலந்து பழக்குதல் வேண்டும். எழுதிக்கொண்டிருந்தோம் என்பதுபோன்ற தொடர் இறந்தகாலத்தில் முழு மொழியிலும் பிறழ்வன இருத்தல், போதல், காணுதல் என்னும் மூன்றே. அத்துணை எளிய காலத்தைப் பல பாடநூல்கள் பிற்பகுதியில் வைத்திருப்பது வியப்பைத் தருகின்றது.

மரியாதை வழக்கிலும் நமக்கு முன்னறிவு உண்டு. நீ என்பதற்குத் தூ என்றும், மதிப்புக்குரியாரை நோக்கி உஸ்தேத் என்றும் இஸ்பானியர் கூறுவர். உஸ்தேத் என்பது நும் அருள் என்று பொருள்படும் ஒரு தொடர் தேய்ந்து வந்த சொல்லாதலின், அது முன்னிலையாயினும் படர்க்கை வினையையே கொள்ளும். ஆங்கிலம் மட்டும் அறிந்தோர்க்கு இது புதிராகும். பெரியாரை நேரில் நின்று வினவும்போதே ஐயா எப்பொழுது வந்தார் என்று படர்க்கையிற் கேட்கும் வழக்கை அறிந்த நமக்கு இது விளங்கும். ஆர்சென்தீனா, உருகுவாய் முதலிய நாடுகளில் தூ என்பதற்குப் பதிலாக வோஸ் என்பதை நெருங்கியோரிடம் வழங்குவர். வோஸ் முன்னாளிற் பன்மையாயும் மதிப்புச் சொல்லாயும் இருந்து இறங்கி வந்தது. பண்டு பன்மையாயிருந்த நீர் என்னுஞ் சொல், யாழ்ப்பாணத்து வழக்கிலே நீ என்பதற்கும் நீங்கள் என்பதற்கும் இடைப்பட்ட ஒருமையாய் இறங்கி வந்த வரலாற்றை இதனோடு ஒப்பிட்டுக் காண்க. மேலும், அமெரிக்க நாடுகளின் இஸ்பானியத்தில் நீவிர் என்பதற்குரிய தனி விகுதி வழக்கில் இல்லை. அங்குச் செல்லும் மாணவனுக்கு ஆறு வடிவங்கள் ஐந்தாகக் குறையும்.

இதுகாறும் கூறியது கொண்டு, தமிழறிந்தால் இஸ்பானியம் தானே வந்துவிடும் என்று யான் சொல்வதாக எவரும் கொள்ளற்க. தமிழ் ஏணி எட்டாத இடங்கள் மூன்று உள. அவற்றை மறைத்தல் ஆசிரியனுக்கு அழகன்று.

முதலாவது, அழுத்தம். தோமோ என்னுஞ் சொல்லில் முதலசையை அழுத்தினால் எடுக்கிறேன். ஈற்றசையை அழுத்தினால் அவன் எடுத்தான். தோமே என்பதன் முதலசையை அழுத்தினால் எடுக்க, எடுக்கட்டும் என்னும் விருப்பப் பொருள்; ஈற்றசையை அழுத்தினால் எடுத்தேன். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை. ஆதலின் நம் செவி இதற்குப் பழகியதன்று. இஸ்பானிய எழுத்தில் இதற்கென ஒரு குறி உண்டு. அதனை அலங்காரமென எண்ணி விடுப்பவன் காலத்தையும் இடத்தையும் ஒருங்கே இழப்பான். இங்கே இலக்கணம் உதவாது. கேட்டலும் வாய்விட்டுச் சொல்லலுமே உதவும்.

இரண்டாவது, இறந்தகாலம் இரண்டாதல். எழுதினேன் என்னும் நம் ஒரு வடிவுக்கு எதிரே, முடிந்த செயலுக்கு ஒன்றும் முடிவு குறியாத செயலுக்கு ஒன்றுமாக இஸ்பானியத்தில் இரண்டு உள. அவன் வந்தபோது எழுதிக்கொண்டிருந்தேன் என்பதற்கும், அந்நாளில் நாள்தோறும் எழுதுவேன் என்பதற்கும் எஸ்கிரிபீயா என்னும் ஒரு வடிவே போதும். தமிழர் எதிர்கால வடிவத்தாற் கூறும் பழைய வழக்கத்தை இஸ்பானியர் இறந்தகாலத்தாற் கூறுகின்றனர். சாபீயா என்றால் எனக்குத் தெரிந்திருந்தது. சூபே என்றால் எனக்குத் தெரியவந்தது. ஒரே வினை காலம் மாறுங்கால் பொருளும் மாறுகின்றது. வெனிசுவேலாவிற் பிறந்து சிலி நாட்டில் வாழ்ந்த அந்திரேஸ் பெல்யோ என்னும் அறிஞர் 1847 இல் வெளியிட்ட தம் இலக்கணத்திலே, இம்முடியா இறந்தகாலத்துக்கு உடனிகழ் இறந்தகாலம் என்னும் பொருள்படப் பெயரிட்டார். இறந்தகாலத்து மற்றொரு செயலோடு உடன் நிகழ்வது என்பது கருத்து. இப்பெயரை மனத்திற் கொண்டவனுக்கு ஐயம் பெரும்பாலும் நீங்கும்.

மூன்றாவது, விருப்பும் ஐயமும் கூறும் முறை. அவன் வருகிறான் என எண்ணுகிறேன் என்னுமிடத்துப் பியேனே என்றும், அவன் வருகிறான் என எண்ணவில்லை என்னுமிடத்துப் பெங்கா என்றும் இஸ்பானியர் கூறுவர். எண்ணம் உறுதியற்றதாயின் வினையின் முறையே மாறுகின்றது. தமிழில் இதற்கு நேரானது இல்லை. ஆயினும் ஒரு சிறு வாயில் திறந்திருக்கின்றது. அது நம் வியங்கோள் வினைமுற்று. உலகெங்குங் கேட்கும் விவா என்னும் வாழ்த்தொலி, இஸ்பானியத்தில் வாழ்தல் என்னும் வினையின் இம்முறை வடிவே. நேரே தமிழில் வாழ்க என்பதாம். பெங்கா என்பதை மதிப்புக்குரியாரை நோக்கித் தனித்துச் சொன்னால் வருக என்பதாம். நம் வியங்கோள் மூவிடத்துக்கும் பொதுவாய் நிற்கும். அவர்களுடையதோ இடந்தோறும் விகுதி கொள்ளும். வாழ்க, வருக என்பவற்றில் தொடங்கி, விரும்புகிறேன், அஞ்சுகிறேன், ஐயுறுகிறேன் என்பவற்றின் பின் வரும் வினைகளுக்குப் படிப்படியாகச் செல்லலாம். வாயிலை நாம் அறிவோம்; உள்ளே நடத்தல் புதிதே.

ஒரு மொழியின் இலக்கணத்தை மற்றொன்றின்மேல் முழுதாகப் போர்த்தல் கூடாது என்பதையும் பெல்யோ வற்புறுத்தினார். இலத்தீன் அச்சிலே இஸ்பானியத்தை வார்க்க முயன்றோரை அவர் மறுத்தார். அம்மறுப்பு நமக்கும் எச்சரிக்கையாகும். தமிழ் இலக்கணம் ஏணியாய் இருத்தல் வேண்டும், கூண்டாய் இருத்தலாகாது. ஏறிய பின் ஏணியிலேயே நிற்பவன் மாடியைக் காணமாட்டான்.

யான் இம்மொழியை நூல்களாலும் ஒலிப்பதிவுகளாலும் சில ஆண்டுகளாகப் பயின்றுவருபவன். அதிற் புலமையுடையேன் என்று கூறேன். ஆயினும் கண்டதொன்றைக் கூறலாம். என்னிடம் முன்னர்த் தமிழ் பயின்ற ஒருவர் விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து தம் மகளோடு வந்திருந்தார். பதினான்கு வயதுடைய அச்சிறுமியின் அப்பியாசக் கொப்பியில் இஸ்பானிய வினை வாய்பாடுகள் பக்கம் பக்கமாக நிறைந்திருந்தன. அவற்றை ஒரே மூச்சில் ஒப்புவித்தாள். நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம் என்பதைச் சொல்லும்படி கேட்டபோது மௌனமானாள். நாங்கள் செய்ததைச் சொல்லும் தமிழ்ச் சொற்களின் கடைசியில் என்ன ஒலி கேட்கின்றது என்று வினவினேன். வந்தோம், போனோம், சாப்பிட்டோம் எனத் தனக்குள்ளே சொல்லிப் பார்த்து, ஓம் என்றாள். இஸ்பானியத்தில் அவ்விடத்தில் என்ன கேட்கின்றது என்றேன். சிறிது சிந்தித்து, மோஸ் என்றாள். அதன்பின் தானே கொப்பியைத் திருப்பி, பக்கந்தோறும் மோஸ் நிற்கும் இடங்களைக் கோடிட்டாள். அன்று மாலையே மொழி அவளுக்கு வந்துவிட்டதென்று கூறேன். ஆயின் அப்பக்கங்களை அவள் அதன்பின் வேறு கண்ணால் நோக்கினாள். அதற்கு உதவியது அவள் பாட்டியாரிடம் கேட்டுப் பெற்ற பேச்சுத் தமிழே என்பது கருதத்தக்கது.

இங்கேதான் யான் பெற்றோரை நோக்கி ஒன்று கூறவேண்டியுள்ளது. வெளிநாடுகளில் வாழும் நம்மவருட் சிலர், பிள்ளைக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் இஸ்பானியமும் வரவேண்டுமாயின் தமிழை விட்டுவிடுதல் வேண்டும், பல மொழிகள் குழந்தையைக் குழப்பும் என்று எண்ணுகின்றனர். வினைச்சொல்லின் திறத்தை அறிந்தோர் இதனை ஒப்பார். விகுதியை உணருஞ் செவி, எழுவாயின்றி வாக்கியத்தை உணரும் மனம், நீ நீர் நீங்கள் என்னும் வேறுபாட்டை உணரும் நாகரிகம் என்பன வீட்டிலே செலவின்றிக் கிடைக்கின்றன. அவற்றை எறிந்துவிட்டு, அவற்றையே பின்னர்ப் பொருள் கொடுத்து வேற்று மொழி வகுப்பில் தேடுவது எத்தகைய வாணிகம்?

இந்நாட்டுத் தமிழாசிரியராகிய எம்மை நோக்கியும் ஒன்று கூறுவேன். பகுபத உறுப்பிலக்கணத்தைப் பரீட்சையில் நான்கு புள்ளிகளுக்குரிய வினாவாக நாம் சுருக்கிவிட்டோம். மாணவர் பகுதி, விகுதி என்று எழுதிப் புள்ளி பெற்று, பரீட்சை முடிந்த அன்றே மறக்கின்றனர். அஃது ஒரு சொல்லைப் பிரித்து அதன் உறுப்புக்கள் தொழிற்படுமாற்றைக் காணுங் கலை என்றும், எம்மொழிக்குச் சென்றாலும் உடன்வருங் கருவி என்றும் அவர்க்கு நாம் காட்டுவதில்லை. இலக்கண வகுப்பில் ஒரு நாள், தோமாபாமோஸ் போன்ற ஒரு வேற்றுமொழிச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, இதனைப் பிரித்துக் காட்டுக என்று மாணவரைக் கேட்டுப் பார்த்தல் நன்று. தம் இலக்கணம் கடல் கடந்தும் செல்லுபடியாகும் என்பதை அவர் கண்கூடாகக் காண்பர்.

இஃது இன்று தோன்றிய புதுக் கருத்துமன்று. அந்தோனியோ தே நெபிரிகா என்னும் அறிஞர் 1492 இல் சலமாங்கா நகரில் இஸ்பானிய மொழிக்கு ஓர் இலக்கணம் அச்சிட்டு இசபெல் அரசியார்க்கு உரிமையாக்கினார். தம் நூலின் பயன்களுள் ஒன்றாக முன்னுரையில் அவர் கூறியது, தாம் முன்னரே பேசும் மொழியின் இலக்கணத்தை நன்குணர்ந்தோர்க்கு இலத்தீன் கற்றல் எளிதாகும் என்பது. அயன்மொழியாளர் இஸ்பானியங் கற்றற்பொருட்டு அந்நூலின் ஐந்தாம் பகுதியை ஒதுக்கி, வினை வாய்பாடுகளையும் அங்கே அமைத்தார். வாய்பாட்டையும் அவர் ஒதுக்கவில்லை. தாய்மொழி இலக்கணத்தையும் ஒதுக்கவில்லை. அடுத்த நூற்றாண்டிலே என்றீக்கே என்றீக்கஸ் அடிகளார் என்னும் போர்த்துக்கேயர், தாம் அறிந்த இலத்தீன் இலக்கண முறையைத் துணைக்கொண்டு தமிழ் வினைகளை வகுத்துத் தம் மொழியிலே தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். அவர் தம் ஏணியைக் கொண்டு நம் மொழிக்கு ஏறினார். நாம் நம் ஏணியைக் கொண்டு அவர்தம் அயல் மொழிக்கு ஏறுதற்கு நாணுவதேன்?

ஆதலின் இஸ்பானியம் கற்க விழையும் இளைஞர் முதலில் விகுதிகளைக் கற்க. நாளொன்றுக்கு ஐந்து வினைகளைப் பிரித்துச் சேர்த்து, பத்து வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லுக. அதன்பின் வாய்பாட்டை நோக்கித் தாம் அறிந்தவற்றை ஒழுங்குபடுத்திக்கொள்க. வாய்பாடு கற்றதன் தொகுப்பாய் அமைதல் வேண்டுமேயன்றிக் கல்வியின் தொடக்கமாய் அமைதல் ஆகாது. தமிழின் விகுதிகள் செவியில் ஒலித்துக்கொண்டிருக்கும் வரையும் இவ்வழி நமக்குத் திறந்திருக்கும். அவ்வொலியை வீட்டிலே காப்பது பெற்றோர் கடன். அதன் பொருளை வகுப்பிலே விளக்குவது ஆசிரியர் கடன். இரண்டும் குறைவின்றி நடைபெறுமாயின், இக்கல்லூரியின் பழைய மாணவர்தம் வழித்தோன்றல்கள் எந்நாட்டில் வாழினும் எம்மொழியினையும் அஞ்சாது கற்பர் என்பது ஒருதலை.